திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்?

திருச்சியை அடுத்த எட்டரை, கோப்பு, போசம்பட்டி பக்கம் மல்லிகைத் தோட்டங்கள் அதிகம். விடிவதற்கு முன்பே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கும் பெண்களை அங்கே பார்க்கலாம். அந்தப் பக்கத்து உழவர் கூட்டம் ஒன்றில், மொட்டுப்புழுவுக்கு என்ன மருந்து, செம்பேனுக்கு என்ன மருந்து என்று கேள்விகள் போய்க்கொண்டிருந்தபோது, ஐம்பத்தெட்டு வயது விவசாயி ஒருவர் எழுந்து, "திருச்சி ஏர்போர்ட்டுலேர்ந்து சிங்கப்பூர் ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு தூரம்? பிளேன் எத்தனை மணி நேரத்துல போவும்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. "பெரியப்பா சிங்கப்பூருக்கு ஏர் ஓட்டப் போறாரு" என்று பின்வரிசையில் ஒரு குரல். பக்கத்தில் இருந்த பையன் ஒருவன் செல்போனில் தட்டிப் பார்த்துச் சொன்னான்: "நேர்க்கோட்டுல ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். நாலேகால் மணி நேரம்."

பெரியவர் அதை ஒரு சிட்டையில் குறித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் கேட்டது வேடிக்கைக்கு இல்லை. 60 சென்ட் மல்லிகை அவருக்கு. மகள் சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். செராங்கூன் சாலைப் பக்கம் பூக்கடை வைத்திருக்கும் ஒருவர் மாப்பிள்ளைக்குப் பழக்கம். "மாமா, இங்க ஒரு முழம் விக்கிற விலையக் கேட்டா நீங்க மயங்கிடுவீங்க. நம்ம தோட்டத்துப் பூவ அனுப்ப முடியுமான்னு பாருங்க" என்று மாப்பிள்ளை போனில் சொல்லியிருந்தார். ஸ்ரீரங்கம் சாத்தார வீதி மார்க்கெட்டில் ஒரு நாள் கிலோ 200 ரூபாய்க்கும் கீழே இறங்கும், முகூர்த்த நாளில் 1,000 ரூபாயைத் தாண்டும் பூ அது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன விலைக்குப் போகும் என்று தெரியாமலே முப்பது வருஷம் மூட்டை தூக்கியவருக்கு, நிலையான விலை என்ற ஒரு சொல்லே பெரிய ஆசை. கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வேறு இருந்தது.

அன்று ராத்திரி அவர் போட்ட கணக்கு இது. காலை 6 மணிக்குப் பறித்தால் முக்கால் மணி நேரத்தில் விமான நிலையம். அங்கிருந்து நாலேகால் மணி நேரம். ஆக, மத்தியானத்துக்குள் பூ சிங்கப்பூர்க் கடையில். மல்லிகை மொட்டு விரிவது சாயங்காலம் 6 மணிக்கு மேல்தானே? மொட்டாகவே போய்ச் சேர்ந்துவிடும்!

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது பிளேனின் கணக்கு. பூவின் கணக்கு வேறு.

முதலில் பிளேனின் கணக்கையே பார்த்துவிடலாம். தெரிந்துகொள்ள அதிலும் விஷயம் இருக்கிறது. வேதாரண்யம் பக்கம் கரையைத் தாண்டி வங்கக் கடலுக்குள் போகிற இந்த வழி, சுமத்ரா தீவின் வடமுனையை ஒட்டி, மலாக்கா நீரிணை வழியாகத் தெற்கே இறங்கிச் சிங்கப்பூரைத் தொடுகிறது. மேலே போய்விட்ட விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அப்படிப் பார்த்தால் 2,980 கிலோமீட்டருக்கு மூணே முக்கால் மணி நேரம்கூட ஆகக் கூடாது. ஆனால் கதவைச் சாத்திய பிறகு ஓடுதளம் வரை ஊர்ந்து போக வேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது, வானத்திலும் போட்ட பாதையில்தான் போக வேண்டும். காற்று எதிரே அடித்தால் கொஞ்சம் கூடும், பின்னாலிருந்து தள்ளினால் குறையும். டவுன் பஸ் வேகத்தை வைத்து ஊருக்குப் போகும் நேரத்தைக் கணக்குப் போட முடியாதது போலத்தான் இதுவும்.

கடிகாரம் செய்கிற குழப்பம் இன்னொன்று. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. திருச்சியில் இரவு 12.30-க்குக் கிளம்பினால் அங்கே காலை 7.15-க்கு இறங்குவதாக டிக்கெட்டில் போட்டிருக்கும். பார்ப்பவருக்கு ஆறே முக்கால் மணி நேரப் பயணம் போலத் தெரியும். திரும்பி வரும்போது இரவு 8 மணிக்கு ஏறினால் இங்கே 9.45-க்கு இறங்கிவிடலாம். பெரியவரின் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "போறப்ப மேடு போலருக்கு, வர்றப்ப இறக்கம்" என்றாராம். இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஏறத்தாழ அதே நாலேகால் மணிதான்.

பெரியவருடைய தாத்தா அதே சிங்கப்பூருக்கு 'ரஜுலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து போனவர். கரை சேர ஒரு வாரம் போலப் பிடித்ததாக வீட்டில் பேச்சு. அந்தக் காலத்தில் ஊறுகாயும் கருவாடும் கூடப் போயிருக்கும், மல்லிகை போயிருக்காது. ஒரு பகல் மட்டுமே ஆயுசு உள்ள ஒரு பொருளைக் கடல் கடந்து அனுப்பலாம் என்ற நினைப்பே விமானம் வந்த பிறகு வந்ததுதான்.

சரி, பூவின் கணக்கு. டவுனில் ஏற்றுமதி செய்யும் ஒருவரிடம் மாப்பிள்ளை பேசிவைத்தார். தனி விவசாயி நேராக அனுப்புவது நடக்கிற காரியமில்லை. ஏற்றுமதி உரிமம் வேண்டும், சுங்கக் காகிதங்கள் வேண்டும், நாட்டுக்கும் பொருளுக்கும் தகுந்தபடி தாவர நலச் சான்று வேண்டும், விமானக் கம்பெனியில் இடம் பிடித்து வைக்க வேண்டும். 12 கிலோ பூவுக்கு ஒருவர் இத்தனையும் செய்தால் பூவைவிடக் காகிதம் கனமாகிவிடும்! அதனால் பத்துப் பேர் சரக்கைச் சேர்த்து அனுப்புகிறவரிடம் கொடுப்பதுதான் வழி. பெரியவரும் அப்படித்தான் கொடுத்தார்.

முதல் நாள் பூவோடு கூடவே போய் ஒவ்வொரு இடத்திலும் மணியைக் குறித்துக்கொண்டார். காலை 6 மணிக்குப் பறித்த மொட்டு. பறிப்பு முடிந்து, பொறுக்கி, எடை போட்டுக் கிளம்ப 9 மணி. ஏற்றுமதிக்காரர் கொட்டகைக்குப் போய்ச் சேர 10 மணி. அங்கே மற்ற தோட்டத்துப் பூவும் வரட்டும் என்று காத்திருந்து, ஐஸ் பை வைத்துத் தெர்மாகோல் பெட்டியில் கட்ட மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு காகிதங்கள். சாயங்காலம் 5 மணி வாக்கில் விமான நிலையச் சரக்குக் கொட்டகை. எக்ஸ்ரே சோதனை, சுங்கம். விமானமோ நள்ளிரவு தாண்டி. 12.30-க்கு அது நகரும்போது மொட்டு செடியை விட்டுப் பதினெட்டரை மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நாலேகால் மணி நேரம் வானத்தில். இறங்கி, அங்கே சரக்கு விடுவித்து, வண்டி ஏறி, கடைக்குப் போய்ச் சேர அவர்கள் நேரம் காலை 10 மணி. நம் நேரம் 7.30.

ஆக மொத்தம் இருபத்தைந்தரை மணி நேரம். அதில் பறந்தது நாலேகால். ஆறில் ஒரு பங்கு. மீதி ஐந்து பங்கு நேரமும் பூ தரையில்தான் இருந்தது. அதிலும் பெரும்பங்கு திருச்சி வெயிலில்.

மல்லிகை மொட்டைப் பறித்துவிட்டால் செத்துப்போனது என்று நினைக்கக் கூடாது. அது மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும். மூச்சு விட்டால் சூடு உண்டாகும். குவியலாகப் பாலித்தீன் பையில் அடைத்துவிட்டு, அரை மணி கழித்துக் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் எவருக்கும் தெரியும். அந்தச் சூடு மொட்டை இன்னும் வேகமாக மூச்சு வாங்க வைக்கும். அதனால் இன்னும் சூடு. நம் ஊரில் 'பூ வெந்து போச்சு' என்று சொல்வது சும்மா இல்லை. குளிர்ச்சி இந்த ஓட்டத்தை மெதுவாக்கும், அவ்வளவுதான், நிறுத்தாது. அதனால் ஐஸ் பை வைப்பதைவிட முக்கியம், பெட்டியில் போடும் முன் பூவின் சூட்டை இறக்குவது. சூடான பூவைப் பெட்டியில் போட்டு மூடினால் ஐஸ் பை பூவின் சூட்டோடு மல்லுக்கட்டியே உருகித் தீர்ந்துவிடும். நிழலில், காற்றோட்டமாக, ஈரச் சாக்கின் மேல் மெல்லிசாக விரித்து ஆறவிட வேண்டும். பூவின் மேல் தண்ணீர் தெளித்து ஈரத்தோடு பெட்டியில் அடைப்பது மார்க்கெட்டுக்கு ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சரி. ஒரு நாள் பயணத்துக்கு அது கேடு. மொட்டு பழுப்பேறும், அழுகலும் தொடங்கும்.

முதல் நாலைந்து தடவை பூ நன்றாகவே போய்ச் சேர்ந்தது. மார்க்கெட் விலையைவிடக் கூடுதலாகவே கணக்கு வந்தது. பெரியவர் வீட்டில் பேச்சும் நடையும் கொஞ்சம் மாறியிருந்ததாக ஊரில் சொல்வார்கள்.

வைகாசியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள். சாத்தார வீதியில் கிலோ 800 ரூபாய்க்குப் போன பூ. மூட்டை தூக்கிக்கொண்டு போயிருந்தால் 12 கிலோவுக்கு 9,600 ரூபாய் கையில் வந்திருக்கும். பெரியவர் அன்றும் முழுப் பூவையும் சிங்கப்பூர்ப் பெட்டிக்கே கொடுத்தார். ராத்திரி 1 மணிக்கு ஏற்றுமதிக்காரரிடமிருந்து போன்: "அண்ணே, ஆஃப்லோடு ஆயிடுச்சு. நாளைக்கு ஏத்திடுவாங்க."

ஆஃப்லோடு என்றால் இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஏன் இறக்கினார்கள்? திருச்சி ஓடுதளம் ஏறத்தாழ 2,480 மீட்டர். வழக்கமாக அங்கே வருவது நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானங்கள், ஏறத்தாழ 180 பேர் உட்காரக்கூடியவை. ஆளுக்கு 25 கிலோ பெட்டி என்று வைத்தாலே நாலரை டன் ஆகிவிடுகிறது. விமானத்தின் வயிற்றில் பயணிகளின் பெட்டிக்குத்தான் முதல் இடம். மிச்சம் இருக்கிற இடத்துக்கும் எடைக்கும் தகுந்தபடிதான் சரக்கு. கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாகப் போகிறவர்கள் பெட்டியை நிறைத்துக்கொண்டு வருகிறார்கள். வெப்பம் அதிகமான நாளில் காற்று லேசாகிவிடுவதால் விமானம் தூக்கக்கூடிய எடையும் குறையும். இதெல்லாம் சேர்கிற நாளில் முதலில் தரையில் நிற்பது சரக்குப் பெட்டிதான். நமக்குப் பூ கிராக்கி கூடுகிற முகூர்த்த மாதமும், பயணிகள் கூடுகிற விடுமுறை மாதமும், வெயில் கூடுகிற மாதமும் ஒன்றாக வந்து நிற்பதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த நாள் இரவு பெட்டி போய்ச் சேர்ந்தது. பறித்து ஐம்பது மணி நேரம் ஆன பூ. அங்கே கடைக்காரர் பெட்டியைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பினார். பாதி விரிந்து, பாதி பழுத்து, கிண்ணத்தில் ஊறப்போட்ட புளி போல ஒரு நிறம். பேச்சு என்னவென்றால், போய்ச் சேர்ந்த பூவுக்குத்தான் காசு. பூவுக்கும் காசு வரவில்லை, விமானக் கூலியும் அடுத்த கணக்கில் கழிந்தது. பறிகூலியை அவர் பறித்த அன்றே கொடுத்தாகிவிட்டது. நகைக்கடன் வட்டி கட்ட வைத்திருந்த பணம் அதில் போனது.

மாப்பிள்ளையிடம் வருத்தப்பட முடியவில்லை. அவர் நல்லதைத்தான் நினைத்தார். ஏற்றுமதிக்காரரைத் திட்டவும் முடியவில்லை. அவருக்கும் அன்று பத்துப் பேர் சரக்கு போனது. மனைவி மட்டும் ஒன்று கேட்டார்: "ஏங்க, பிளேன் ஏறாததுக்குப் பூ வச்ச நாம ஏங்க காசு குடுக்கணும்?"

இந்தக் கேள்விக்கு முன்னால் எல்லாக் கணக்கும் சின்னதுதான். எந்த விவசாயியும் வெளிநாட்டுக்குப் பொருள் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது அது. பொருள் எந்த இடத்தில் கைமாறுகிறது? அந்த இடம் வரைக்கும் நட்டம் கொடுத்தவருக்கு. அதற்கு அப்புறம் வாங்கியவருக்கு. பெரியவரின் ஏற்பாட்டில் அந்த இடம் 2,980 கிலோமீட்டர் தள்ளி, அவர் கண்ணால் பார்க்காத ஒரு கடை வாசலில் இருந்தது. தோட்டத்து வரப்பில் இருந்திருக்க வேண்டும்.

சென்னை வழியாக அனுப்பலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர்; திருச்சியைவிடக் கொஞ்சம் கிட்டே. விமானங்களும் அதிகம், பெரிய விமானங்களும் உண்டு, இறக்கிவிடும் பயம் குறைவு. ஆனால் எட்டரையிலிருந்து சென்னைக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் தரைவழி, வண்டிக்கு ஆறு மணி நேரம். வானத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கத் தரையில் ஆறு மணி நேரம் கொடுப்பதா? வெண்டைக்காய், முருங்கைக்காய் என்றால் அந்த ஆறு மணி நேரத்தைத் தாங்கும். குளிர்வண்டியில் போனால் இன்னும் நன்றாகத் தாங்கும். மல்லிகைக்கு ஆறு மணி என்பது பாதி ஆயுசு. அந்த யோசனை அங்கேயே நின்றது.

ஒரு மாதம் கழித்துப் பெரியவர் ஏற்றுமதிக்காரரிடம் போய் உட்கார்ந்து புதுப் பேச்சுப் பேசினார். அன்றைய சாத்தார வீதி விலைக்கு மேல் கிலோவுக்கு ஒரு சின்னத் தொகை. பெரிய லாபம் வேண்டாம். பூ கொட்டகையில் எடை போட்டதும் அவர் கணக்கு முடிந்தது, பிளேன் ஏறினாலும் ஏறாவிட்டாலும். முகூர்த்த நாளில் பாதிப் பூ மார்க்கெட்டுக்குத்தான். ஏற்றுமதிக்காரர் முதலில் முறுக்கிக்கொண்டார். ஆனால் அவர் பங்குக்கும் ஒரு கேள்வி இருந்தது: மற்ற தோட்டத்துப் பூவெல்லாம் 10 மணிக்கு வரும்போது, இந்த ஒருவர் மட்டும் 8 மணிக்கே ஆறவைத்த பூவைக் கொண்டுவர முடியுமா? முடியும் என்றார் பெரியவர். பறிப்பை நாலரை மணிக்கு மாற்றினார். டார்ச் வெளிச்சத்தில் பறிக்கும் பெண்களுக்குக் கூலி கூட்டிக் கொடுத்தார். தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று போட்டு, உள்ளே ஈரச் சாக்கு விரித்தார். பந்தலுக்கு ஆன செலவு, அழுகிப்போன ஒரே ஒரு பெட்டியின் விலையில் பாதிகூட இல்லை.

புரட்டாசியில் மகளைப் பார்க்கப் பெரியவரே சிங்கப்பூர் போனார். முதல் விமானப் பயணம். இரவு 12.30 விமானத்துக்கு 9.30-க்கே வந்துவிட வேண்டும் என்றார்கள். அவர் 8 மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டார். 2024 ஜனவரியில் திறந்த புது முனையத்தின் சுவர்களில் கோயில் கோபுரச் சாயலில் வண்ணங்கள். அவற்றைப் பார்ப்பதைவிட, தன் பூப்பெட்டி அந்தக் கட்டடத்தில் எந்தப் பக்கத்தில் காத்திருக்கும் என்றுதான் அவருக்கு யோசனை. அன்று அவர் தோட்டத்துப் பூவும் அதே விமானத்தில் புக்கிங். ஏறினதா என்று உறுதியாகத் தெரியாமல், காலுக்குக் கீழே எங்கோ அது இருப்பதாக நினைத்துக்கொண்டே நாலேகால் மணி நேரமும் தூங்காமல் போனாராம்.

இறங்கிய அன்றே, மகள் "அப்பா, கொஞ்சம் தூங்குங்க" என்று சொல்லியும் கேட்காமல், மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு செராங்கூன் சாலைக்குப் போனார். கடையில் ஒரு பெண்மணி முழம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "மதுரை மல்லி, இப்பதான் வந்தது" என்றார் கடைக்காரர். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ அது. கடல் தாண்டிப் போனால் எட்டரைப் பூவும் கோப்புப் பூவும் அந்தப் பெயரைத்தான் வாங்கிக்கொள்கின்றன. பெரியவர் திருத்தவில்லை. ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்தார். காம்பைக் கிள்ளிப் பார்த்தார். பெட்டியின் அடியில் கைவிட்டார், குளிர்ச்சி இருந்தது. ஓரத்தில் நாலைந்து மொட்டு வாய் திறந்திருந்தது. கடைக் கடிகாரம் 10 மணி காட்டியது.

அங்கிருந்தே ஊருக்குப் போன் போட்டார்.

"எல்லாம் பறிச்சாச்சா?"

"இங்க மணி ஏழரைதாங்க ஆவுது. இன்னும் ரெண்டு பாத்தி கெடக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடறது இருக்கட்டும். பறிச்சத மொதல்ல பந்தலுக்குள்ள விரி. வெயில் ஏறிடும்."